பார்வை இயல்பு

அந்தப் பெண்ணின் உடல்நல அட்டையில் மூன்று வருடம் வரிசையாக ‘பார்வை இயல்பு’ என்று முத்திரை குத்தியவள் நான்தான். வேறு யாரோ செய்த தப்பு என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். அவளுடைய டீச்சர் மேல் பழியைப் போடலாம். ஒன்பது பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு நர்ஸ் போதும் என்று முடிவு செய்த ஆபீஸ் மேல் போடலாம். எல்லோர் மேலும் போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கே சுற்றினாலும் முத்திரைக் கட்டை என் பையில்தான் இருக்கிறது.

நான் பள்ளிக்கூட நர்ஸ். தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்புகளில் உள்ள பள்ளிகள் என் பொறுப்பு. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஊசியக்கா. என் ஸ்கூட்டர் வாசலில் நின்றாலே ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மக்கு என்று பெயர் வாங்கிக் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தால் ஒருத்திக்குக் காதில் சீழ் இருக்கும், இன்னொருத்தனுக்கு ரத்தமே இருக்காது, அடுத்தவனுக்குக் கரும்பலகையே தெரியாது. அவர்களுக்கு மருந்தும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் டீச்சர்கள் ‘இது எப்படி நடந்துச்சு’ என்று வாயைப் பிளப்பார்கள். ஒரு தடவை ஒரு குட்டிப் பெண் கண்ணாடியை மாட்டிய உடனே, “அக்கா, மரத்துல தனித்தனியா இலை இருக்கு!” என்று கத்தினாள். அந்த ஒரு கத்தலுக்காக இன்னும் பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நான் முத்திரை குத்திய பெண்ணுக்குப் பள்ளியில் மைக்செட்டு என்று பெயர். பெயர் வைத்தது யாரோ, பொருத்தமாக வைத்திருந்தார்கள். பள்ளி வாசலில் நுழையும்போதே அவள் குரல் கேட்டுவிடும். பாட்டு, வாய்ப்பாடு, பாடப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக, எதைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். வகுப்பில் அவள் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். கையெழுத்து மட்டும் படுமோசம். கோட்டுக்கு மேலே ஒரு எழுத்து, கீழே ஒரு எழுத்து. “வாய் நீளம், கைதான் வணங்காது” என்று டீச்சர் சலித்துக்கொள்வார். நடக்கும்போது எப்போதும் தோழி ஒருத்தியின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் நடப்பாள். என்ன ஒட்டுதல் பாரேன் என்று நானே சிரித்திருக்கிறேன்.

கண் சோதனை எப்படிச் செய்வோம் என்று சொல்லிவிடுகிறேன். எழுத்து அட்டை ஒன்று உண்டு. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போகும், மொத்தம் ஆறு வரி. தரையில் ஆறு மீட்டர் அளந்து நாடா ஒட்டி, பிள்ளையை அங்கே நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி வாசிக்க வைக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் வேறு எழுத்துகள் இருக்கும். ஒரு பக்கம் பழகிப்போனால் மறுபக்கத்தைத் திருப்ப வேண்டும். காத்திருக்கிற பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டும். சோதனை முடிந்ததும் அட்டையைத் தலைமையாசிரியர் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். இவ்வளவும் விதி. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் வருடம் சோதனை முடிந்ததும் டீச்சர் என்னிடம் வந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே பிள்ளைகளோடு வருடா வருடம் மேலே ஏறி வருகிற டீச்சர் அவர். சொந்தக் காசில் சுண்ணக்கட்டி வாங்குகிறவர்.

“சிஸ்டர், அந்த அட்டையை ஏன் பூட்டி வைக்கணும்? எங்க சுவர் வெறிச்சுன்னு கிடக்கு, ஒரு படம்கூட இல்ல. இங்கயே தொங்கட்டுமே. எழுத்தாவது பழகும்.”

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சுவரில் கிடந்தால் கிழிந்துவிடுமே என்று பெரிய மனுஷியாக ஒரு காரியம் செய்தேன். அட்டையைத் தடித்த காகிதப் பலகை ஒன்றில் பசை தடவி ஒட்டினேன். பின்பக்கம் அத்தோடு போனது. வெளியே வெயில் கொளுத்துகிறது என்று வரிசையையும் வகுப்புக்குள்ளேயே நிற்க வைத்தேன். இப்படி ஒவ்வொரு விதியையும் ஒவ்வொரு நல்ல எண்ணத்தில் மீறினேன்.

அடுத்த வருடம் அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்குக்கூடக் குறையில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. ஆபீசிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை டீச்சருக்குக் காட்டியபோது அவர் முகம் பூரித்துப்போனது. நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்குமா மங்கலாகத் தெரியவில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மதியத்துக்குள் அடுத்த பள்ளிக்கு ஓட வேண்டும் என்ற நினைப்பில் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். அவர்கள் வாசிப்பதைக் காதால் கேட்டேனே தவிர, நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காவது வருடம் மைக்செட்டின் முறை வந்தது. நாடாவில் கால் வைத்து நிற்கச் சொன்னேன். “என்னடி மைக்செட்டு, ஆரம்பி” என்றேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கணீரென்று தொடங்கினாள். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆணி பிடி விட்டு, அட்டை டொப்பென்று பெஞ்சுக்குப் பின்னால் விழுந்தது. அவள் ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு நான்காம் வரியைச் சொன்னாள். ஐந்தாம் வரியைச் சொன்னாள். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆறாம் வரியையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவளை வராண்டாவுக்கு அழைத்துப் போனேன். ஒரு முழத் தூரத்தில் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். இடது கண்ணுக்கு விரல் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது. வலது கண்ணால் நேர் எதிரே காட்டினால் சொன்னாள். விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் காணவில்லை என்றாள். குழாய்க்குள் பார்ப்பது மாதிரி என்று நாங்கள் சொல்வோம், அந்த மாதிரி.

“எப்பலேருந்துடி இப்படி?”

“எப்படி?”

“தெரியாம.”

“எனக்குத் தெரியும்க்கா. எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?”

“சுவத்துல அட்டையே இல்லடி. எப்படி வாசிச்ச?”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். சரியாகச் சொன்னால், என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். “டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கல்ல? எல்லாரும் மனப்பாடமா வெச்சுக்கிட்டுத்தானக்கா வாசிப்பாங்க?”

வாசிப்பது என்றால் ஞாபகம் வைத்துக்கொள்வது என்று நினைத்திருக்கிறது அந்தப் பிள்ளை. கரும்பலகையில் மற்றவர்களுக்கு ஏதோ தெரிகிறது என்பதே அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவள் முணுமுணுப்பதைக் கேட்டு, கேட்டதை அப்படியே பிடித்து வைத்து, வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

டீச்சரிடம் போய்க் கத்தினேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன் என்பதுதான் உண்மை. அவர் கையில் இருந்த சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு நின்றார்.

“சோதனைன்னீங்க சிஸ்டர். வெளியிலேருந்து ஒருத்தங்க வந்து சோதனை பண்றாங்கன்னா பிள்ளைங்களத் தயார் பண்ணாம அனுப்புவோமா? முதல் வருஷம் நாலு பேருக்குச் சீட்டு எழுதிக் குடுத்தீங்க. ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதுன்னு ரெண்டு பேர் வீட்டுல பள்ளிக்கூடத்தையே நிறுத்திட்டாங்க. இன்னொண்ணு அப்படிப் போயிடக் கூடாதுன்னுதான் தினமும் காலையில அந்த அட்டையைப் பாட்டு மாதிரி சொல்ல வெச்சேன். அவதான் முன்னாடி நின்னு சொல்லுவா.” இருவரும் அந்த வெறும் சுவருக்குக் கீழே நின்றோம். அவரை அதற்கப்புறம் நான் திட்டவில்லை.

பிறகு மற்ற எட்டுப் பள்ளிகளிலும் புது அட்டை வைத்துச் சோதித்தேன். அங்கெல்லாம் முன்பு வந்த முடிவேதான் வந்தது. பிள்ளைகள் மேல் இவ்வளவு அக்கறையுள்ள டீச்சர் இருந்தது இந்த ஒரு பள்ளியில்தான்.

அட்டை விழுந்த அன்று மதியமே மைக்செட்டின் அம்மாவைத் தேடிப் போனேன். சட்டை தைக்கிற கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள். வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். ஆவி கக்குகிற பெட்டிகளுக்கு நடுவிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை, பதறவும் இல்லை. என்னையே பார்த்தாள்.

“நர்சம்மா, நீங்கதானே நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க?”

“ஆமா.”

“போன வருஷம் குடத்துல தடுக்கி விழுந்தா. தட்டை நீட்டினா கை வேற எங்கயோ போச்சு. எனக்கு அப்பவே சந்தேகம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம்னு லீவு கேட்டு வெச்சிருந்தேன். அன்னிக்குத்தான் கார்டைக் கொண்டாந்தா. பக்கத்து வீட்டுக்காரங்க படிச்சுச் சொன்னாங்க, கண்ணு நல்லாருக்குன்னு முத்திரை போட்டிருக்குன்னு.” அவள் குரல் இறங்கியது. “அப்புறம் அவ எதுல இடிச்சாலும் அடிச்சேன் நர்சம்மா. கண்ணு நல்லாத்தான இருக்கு, கவனம்தான் இல்லன்னு அடிச்சேன். போன வாரம்கூட அடிச்சேன்.”

மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும், அதற்குள் திரும்பி உள்ளே போய்விட்டவளுக்கு இஸ்திரிப் பெட்டிச் சத்தத்தில் கேட்டிருக்காது.

மறுநாள் மூவரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலை ஆறு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மைக்செட்டுக்கு ஒரே குஷி. பஸ்ஸில் வரும்போதே ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டாள். காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து முன்னும் பின்னுமாக அதைச் சொல்லிக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வயதானவர், அதிகம் பேசாதவர். கருவியில் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது என்றார். இடது கண் முடிந்துவிட்டது. வலது கண்ணில் இருப்பதை ஆபரேஷன் செய்து நிறுத்தப் பார்க்கலாம், நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

“போனது திரும்ப வராதா டாக்டர்?” என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

“வராது. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா சொட்டு மருந்துலயே பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். பள்ளிக்கூடத்துல கண் சோதனை நடக்குதே, யாரும் கவனிக்கலையா?”

“நான்தான் சோதிச்சேன்” என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலை குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ஆபரேஷனுக்குத் தேதி ஏழு வாரம் கழித்துக் கிடைத்தது. நான் யார் யார் காலிலோ விழுந்து பார்த்தேன். கண்காணிப்பாளர் அறை, ஆபீஸ், தெரிந்த நர்ஸ் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றேன். ஒரு நாள்கூட முன்னால் வரவில்லை. அந்த ஏழு வாரமும் காலையிலும் சாயங்காலமும் போய் நானே சொட்டு மருந்து விட்டேன். அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டு கதை கேட்பாள். ஒரு நாள், “அக்கா, உங்க மூக்கு எங்க போச்சு?” என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கையை நீட்டி என் முகத்தைத் தடவிப் பார்த்து, “இருக்கு, இருக்கு” என்றாள். அன்றைக்கு ஸ்கூட்டரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு அழுதேன்.

ஆபரேஷன் நடந்தது. அழுத்தம் இறங்கியது என்றார்கள், அவர்கள் கணக்கில் அது வெற்றி. ஆனால் அதற்குள் மிச்சமிருந்ததும் போய்விட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வாள், முகத்துக்கு முன்னால் கை அசைந்தால் நிழல் என்பாள். அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். “எங்ககிட்ட இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க ஆள் இல்லையேம்மா” என்று கையை விரித்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருந்தது. தங்கிப் படிக்கலாம். புள்ளி எழுத்தைத் தடவி வாசிக்கப் பழக்குவார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தேன். அந்த ஆசிரியையிடம் அவளைப் பற்றிச் சொன்னபோது, “இந்த ஞாபகசக்திக்கு ஆறு மாசத்துல பிடிச்சுக்குவா” என்றார். ஒரே ஒரு இடம் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்ட படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். விட்டால் அடுத்த வருடம்தான், அதுவும் இடம் இருந்தால்.

திங்கள்கிழமை போனேன். “யோசிக்கணும்” என்றாள் அவள் அம்மா. புதன்கிழமை போனபோது கதவு சாத்தியிருந்தது, தட்டியும் திறக்கவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. வியாழக்கிழமை வேலை செய்யும் இடத்துக்கே போனேன். ஆவிக்கு நடுவில் நின்றபடியே சொன்னாள்.

“உங்க காகிதத்த நம்பித்தான் கண்ணை விட்டேன். இப்ப இன்னொரு காகிதத்த நம்பிப் பிள்ளையவே விடச் சொல்றீங்களா?”

“அவ படிக்கணும்மா. அவளால முடியும்.”

“படிச்சுக் கிழிச்சது போதும் நர்சம்மா.”

வெள்ளிக்கிழமை மதியம் மறுபடியும் போனேன். வரிசையாக ஒற்றை அறை வீடுகள், அதில் மூன்றாவது. கதவு திறந்திருந்தது. மைக்செட்டு தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சட்டைக் காலருக்குள் வைக்கிற அட்டைகள் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் ஓரம் பார்த்து, வளைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து அம்மா வாங்கி வந்து கொடுத்த வேலை. கை அதற்குள் நன்றாகப் பழகியிருந்தது. அந்தப் பெரிய குரலைக் காணோம், சும்மா அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது.

அவள் அம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நான் வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

மைக்செட்டு நிமிர்ந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் நான்கடி இருக்கும். அவள் முகம் நேராக என் பக்கம் இருந்தது.

“யாரும்மா வந்திருக்கா?”

அவள் அம்மா என் கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்.

“யாரும் இல்ல.”

“மருந்து வாடை அடிக்குதே. ஊசியக்காவா?”

“இல்ல. பக்கத்து வீட்டுல ஏதோ கழுவறாங்க. நீ வேலையைப் பாரு.”

“சரிம்மா” என்று தலையாட்டிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தாள்.

ஒரு வார்த்தை போதும். நான் இருமினால்கூடக் கண்டுபிடித்து, “அக்கா!” என்று தெருவே கேட்கக் கத்தியிருப்பாள். ஊரில் உள்ள அத்தனை ஆபீசிலும் சண்டை போடுகிறவள் நான், அந்த வாசலில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்து என்ன சொல்வது? என்னை நம்பு என்று அந்த அம்மாவிடம் இன்னொரு தடவை சொல்ல எனக்கு எந்த முகம் இருக்கிறது?

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். என் நடைச் சத்தம் அவளுக்குத் தெரியும் என்பதால் தெருமுனை வரை வெறுங்காலோடு நடந்தேன்.